பொம்மை வேண்டாம், ஆயா சம்பளத்துக்குக் கொடுங்கள்

அன்புடையீர்,

திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளை ஒன்றில், மூன்று வயதுக்குட்பட்ட எட்டுப் பிள்ளைகளுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை காப்பகம் நடத்த நிதி திரட்டுகிறோம். பெற்றோர் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து முன்பணம் வாங்கி வந்தவர்கள். வெயில் ஏறுமுன் கல் அறுத்தாக வேண்டும் என்பதால் நடு இரவிலேயே எழுந்துவிடுகிறார்கள். கைக்குழந்தை ஆறேழு வயது அக்காவின் இடுப்பில். இதைப் பெற்றோரின் அலட்சியம் என்பது அநியாயம். ஆனால் குழந்தைக்குக் கிடைப்பது அதேதான்: அழுதால் ஆள் இல்லை, 'ங்கா' என்றால் மறுகுரல் இல்லை.

அப்படி வளரும் குழந்தை முதலில் வீறிடும், பிறகு அழுவதையே விட்டுவிடும். சமத்து என்று பெயர் வாங்குவது அப்போதுதான். புதிதாக யார் வந்தாலும் மடியில் ஏறிக்கொள்வது இன்னொரு அறிகுறி. பிறந்தநாள் கேக்கோடு வருகிறவர்கள் இதைப் பார்த்துப் பூரித்துப் போகிறார்கள். எங்களுக்கோ வயிற்றைக் கலக்குகிறது.

இதற்கு வேண்டியது தினமும் அதே முகம். ருமேனியாவின் புக்கரெஸ்ட்டில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், அநாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களிடம் கொடுத்தார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள். அந்த இல்லங்களிலும் சோறு இருந்தது. தனக்கென்று ஓர் ஆள்தான் இல்லை.

ஆகவே இரண்டு ஆயாக்கள், தலைக்கு மாதம் 12,000 ரூபாய், ஆறு மாதத்துக்கு 1,44,000. ஒருவராவது ஒடியா பேசுபவராக இருந்தே ஆக வேண்டும். பாதியில் ஆள் மாறினால் பிள்ளைகள் மறுபடி ஒருவரை இழப்பார்கள். அதனால் சம்பளப் பணம் முழுதும் கையில் வந்த பிறகே கதவைத் திறப்போம். வாரம் ஒருமுறை வரும் மனநல ஆலோசகருக்கு 39,000. தகரக் கொட்டகை, பாய், தண்ணீர்த் தொட்டிக்கு 24,000. மொத்தம் 2,07,000, சேர்ந்திருப்பது 71,000.

ஆலோசகரின் வேலை பெரும்பாலும் தாய்மாரோடு. பால் கொடுக்கும்போது முகம் பார்த்து, குழந்தை எழுப்பும் சத்தத்தைத் திருப்பிச் சொல்லி, ஐந்தாறு நொடி சும்மா இருக்கப் பழக்குவார். அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். களைத்து வந்த தாய் அதற்குள் அடுத்த வார்த்தையைப் பேசிவிடுவார், குழந்தையின் முறை தப்பிப்போகும்.

பணம் தருவோருக்கு ரசீதும் மாதாந்திரக் கணக்கும் வரும். பொருளாகத்தான் தருவேன் என்பவர்கள் துவைத்த பழைய பருத்திப் புடவை தரலாம், தூளிக்கு ஆகும். பிள்ளைகளின் படம் மட்டும் கேட்காதீர்கள், அனுப்ப மாட்டோம்.

இப்படிக்கு,
காப்பகக் குழுவினர்