கதிருக்கு, அந்த ஏழு வண்டுகள் பற்றி

அன்புள்ள கதிர்,

நாலு மாதமாகப் பதில் போடாததற்கு என்னவெல்லாம் திட்ட வேண்டுமோ மொத்தமாகத் திட்டி முடித்துவிடு, அப்புறம் மேலே படி. இங்கே எல்லாரும் சௌக்கியம். வாத்தியாரும் சௌக்கியம், காதுதான் மந்தம், அதுவும் அவருக்கு வேண்டிய பேச்சு என்றால் பளிச்சென்று கேட்கிறது. உன் டப்பா பத்திரமாக வந்தது. ஒரு உணர்கொம்பு மட்டும் உடைந்து உள்ளேயே கிடந்தது. அந்தப் பூச்சியின் அட்டையிலேயே ஒட்டிவிட்டேன்.

முதலில் வசவு. "புதிய சிற்றினம்" என்பதற்கு உன் வரைவில் முதல் காரணமாக நிறத்தைப் போட்டிருக்கிறாய். கட்டாஸ்கோபஸ் என்ற தரைவண்டுப் பேரினத்தில் போய் நிறமா? பச்சை, நீலம், ஊதா என்று ஒரே சிற்றினத்துக்குள்ளேயே மாறுகிற கூட்டம் இது. அது சாயமே இல்லையடா, ஓட்டிலுள்ள மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் வித்தை. விளக்கைக் கொஞ்சம் சாய்த்தாலே உன் "தனித்துவமான நீலம்" பச்சையாகிறது. அடுத்தது, "கால்கள் வெளிர்மஞ்சள் முதல் கருப்பு வரை" என்ற வரி. மூன்றாம் எண்ணின் எலிட்ராவை, அந்த மேலிறக்கை ஓட்டை, ஊசி முனையால் லேசாக அழுத்திப் பார்த்தேன், குழிந்தது. கூட்டுப்புழு நிலையிலிருந்து வெளியே வந்து ஓடு இன்னும் இறுகாத பூச்சி அது. கால் மஞ்சளாக இருப்பது வேறுபாடு இல்லை, வயசு. இப்படி இளம் பூச்சியை வைத்து எழுதிய பழைய பெயர்கள் எத்தனை ஒத்தபெயர்ப் பட்டியலில் போய் விழுந்தன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அளவுகளையும் மறுபடி எடு. தாடை நுனியிலிருந்து வயிற்று நுனி வரை ஒரே நீட்டாக 14.2 மி.மீ. என்று அளந்திருக்கிறாய். செத்த வண்டின் தலை ஒன்றில் தொங்கும், ஒன்றில் உள்ளே இழுத்துக்கொள்ளும். சாராயத்தில் ஊறியதற்கு வயிறு எலிட்ராவைத் தாண்டித் துருத்தும். தலை, முன்மார்பு, எலிட்ரா மூன்றையும் தனித்தனியாக நடுக்கோட்டில் அளந்து கூட்டு. தலைக்கு மேலுதட்டுக்குப் பின்னாலிருக்கும் தகட்டின் முன்விளிம்பிலிருந்து கண்ணின் பின்விளிம்பு மட்டம் வரை போதும், தாடை வேண்டாம். ஒவ்வொரு முறையும் அளக்கிற பகுதி மேடைக்குக் கிடைமட்டமாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் நீளம் குறைந்துதான் காட்டும், கூடிக் காட்டாது. உருப்பெருக்கத்தை மாற்றினால் கண்வில்லை அளவுகோலைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும்; உன் ஐந்தாம், ஆறாம் எண்களில் அதைத்தான் விட்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். வெறும் அளவைவிட விகிதம்தான் பேசும்: முன்மார்பின் அகலத்துக்கு நீளம், தலையின் அகலத்துக்கு முன்மார்பின் அகலம், எலிட்ராவின் நீளத்துக்கு அகலம். உன் அட்டவணையில் எலிட்ரா அகலத்தின் உச்ச அளவு மட்டும் ஊருக்கு ஒதுக்குப்புறமாக நிற்கிறதே, அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உணர்மயிர்களை நீ எண்ணிய விதமும் சரியில்லை. கண்ணுக்கு மேல் ஒன்றுதான் என்கிறாய். மயிர் உடையும், அது முளைத்த குழி உடையாது. வளையம் கட்டிய அந்தக் குழியைத் தேடு. இரண்டு இருக்கிறது, இரண்டு பக்கமும். எலிட்ராவின் மூன்றாம் இடைமேட்டில் இருப்பவற்றையும் குழியை வைத்தே எண்ணு. ஓட்டின் நுண்வலையைப் பார்க்க நேர்விளக்கு ஆகாது, பளபளப்பு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். டிரேசிங் பேப்பரைச் சுருட்டிப் பூச்சியைச் சுற்றிக் கூண்டு மாதிரி நிறுத்து. ஐம்பது மடங்குக்கு மேலே போனால் கண்ணிகள் குறுக்கே நீண்டவையா, நாலு பக்கமும் சமமா என்று தெரியும். ஆணோடு ஆணை, பெண்ணோடு பெண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். தரைவண்டுகளில் பெண் கொஞ்சம் மங்கலாக இருப்பது சகஜம்.

இவ்வளவு திட்டியதற்குப் பிறகு நல்ல செய்தி. இதைச் சொல்லத்தான் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் முதலாம் எண் ஆணைத் திறந்தேன். அட்டையோடு சேர்த்து வெந்நீரில், ஒரு சொட்டு சோப்புக் கரைசலுடன், பதினைந்து நிமிஷம். மூட்டுகள் இளகியதும் வயிற்று நுனி வழியாக, முனை வளைத்த மெல்லிய ஊசியை விட்டு ஆணுறுப்பை வளையத் தகட்டோடு சேர்த்து இழுத்தேன். பிறகு 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. நீ எப்போதும் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போவாய். நான் வெதுவெதுப்பில் வைத்துப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தேன். அதிகம் ஊறினால் ஆணுறுப்பின் நடுக்குழாயான நடுமடல் கண்ணாடியாகிவிடும், விளிம்பே தெரியாது. தசை கரைந்ததும் தண்ணீர், அப்புறம் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் ஒரு முக்கு, அப்புறம் கிளிசரின். பக்கமடல்கள் இரண்டும் தசைத் துணுக்கோடு போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சின்னது எப்போதும் குப்பையோடுதான் ஒளிந்துகொள்ளும்.

கதிர், அந்த நடுமடல் நுனி! ஒப்பிட நான் வைத்திருந்த, அதே பேரினத்து ஃபாசியாலிஸ் சிற்றினத்தின் ஆறு ஆண்களிலும் நுனி ஒரே அச்சு. உன்னுடையது மேலிருந்து பார்த்தால் இடப்பக்கம் திரும்பி, பக்கவாட்டில் மொட்டை அலகு மாதிரி சட்டென்று கீழே வளைகிறது. சாய்ந்து கிடக்கிறதோ என்று மூன்று முறை திருப்பிப் போட்டேன். கிளிசரினில் மணல் தூவி அதில் நிறுத்திப் பார்த்தேன். மாறவில்லை. நடுமடலுக்குள் மடங்கியிருக்கும் உட்பைக்குள்ளே கரும்புள்ளியாகத் தெரிந்தது தூசு இல்லை, பொடிப் பற்கள்; இரண்டு கொத்து. உட்பையை வெளியே புரட்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை. கிழிந்தால் இருப்பதும் போச்சு. இப்போது நுண்குப்பியில் கிளிசரினோடு, அந்தப் பூச்சியின் ஊசியிலேயே கீழே கோர்த்திருக்கிறேன். கண்ணாடித் தகடில் வைத்து மேலே சில்லு மூடாதே. நசுங்கி இன்னொரு "புதிய சிற்றினம்" பிறக்கும்.

இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம். உன்னிடம் முற்றிய ஆண் இந்த ஒன்றுதான். இரண்டாவது ஆண் யார் என்று நினைக்கிறாய்? அந்த மூன்றாம் எண்தான். அதன் நடுமடலும் இறுகாதது. காய்ந்தால் சுருங்கி முறுக்கிக்கொள்ளும், அதன் வடிவத்தை நம்ப முடியாது. ஒரே ஆணை வைத்து நுனியின் வளைவு சிற்றினத்தின் அடையாளமா, அந்த ஒரு பூச்சியின் குறையா என்று யார் சொல்வது?

"டிஎன்ஏ சொல்லிவிடும்" என்பாய். நீ எத்தில் அசிடேட்டில் கொன்ற பூச்சிகள் இவை, அதில் டிஎன்ஏ துண்டு துண்டாகியிருக்க வாய்ப்பு அதிகம். நடுக்கால் ஒன்றை எடுத்து முயன்று பார்க்கலாம், வலப்பக்கத்துக் காலாக எடு. இடப்பக்கம் படத்துக்கு இருக்கட்டும். இனிமேல் பிடிப்பதில் பாதியையாவது நேராக 95 சதவீத எத்தனாலில் போடு. சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் துண்டு 658 எழுத்து, அதில் இரண்டு சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் வேறு சிற்றினம் என்று யாரோ உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது ஒரு குத்துமதிப்பு, சட்டம் இல்லை. மரபணுவின் போலி நகல் உட்கருவிலும் கிடக்கும். வரிசைக்கு நடுவே நிறுத்தக் குறி வந்தால் உடனே சந்தேகப்படு.

அப்புறம் பழைய பெயர்கள். பேரினமே 1825இல் கிர்பி வைத்தது. நடுவில் இருநூறு வருஷம். அந்தக் காலத்து விவரிப்பு நாலு வரி லத்தீன், இடம் என்று ஒரு தீவின் பெயர், அவ்வளவுதான். எழுத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, டைப்பை, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாக வைத்த மூலப் பூச்சியை, பார்த்தே ஆக வேண்டும். தரைவண்டு நிபுணர் ஆண்ட்ரூஸ் பார்த்தவை லண்டனில். இன்னொரு நிபுணர் ஷோத்வாரின் சேகரிப்பு, ஓபெர்த்தூர் என்ற சேகரிப்பாளர் கைமாறிப் பாரிஸில். எல்லாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். அடையாளத் திறவுகோலில் உன் பூச்சி எந்த இரண்டு மூன்று பெயர்களுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறதோ அவற்றின் படங்களை மட்டும் கேள். மேற்பக்கம், எலிட்ராவின் நுனி, லேபிள். ஆணாக இருந்து யாராவது ஏற்கெனவே திறந்திருந்தால் ஆணுறுப்பும். திறவுகோலில் கடைசி வரை போய் ஒரு பெயர் வந்துவிட்டது என்பதற்காக அதுதான் என்று இல்லை. அது அச்சான வருஷம் வரை தெரிந்தவைதான் அதில் இருக்கும். உன் பூச்சி அதில் எங்கே வழுக்குகிறது என்று குறித்து வை. கட்டுரையில் வேறுபாட்டுப் பத்தி அங்கிருந்துதான் வர வேண்டும். இரண்டு பக்கம் விவரித்துவிட்டு, பக்கத்துச் சிற்றினத்திலிருந்து எதில் வேறு என்று ஒரு வாக்கியம்கூட உன் வரைவில் இல்லை!

பெயர் விஷயம். உன் ஆசையை ஆரஞ்சுத் தொப்பிக்காரர் மூலம் கேள்விப்பட்டேன். உன் பெயரையே வைக்க விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பில் தடை இல்லை, சிரிப்பதற்கும் தடை இல்லை. கட்டாஸ்கோபஸ் ஆண்பால், பண்புச்சொல் என்றால் 'சில்வாட்டிகஸ்', 'சில்வாட்டிகா' இல்லை. ஆளின் பெயர் என்றால் ஆணுக்கு முடிவில் 'இ', பெண்ணுக்கு 'ஏ'. நிறத்தைப் பெயரில் வைக்கவே வைக்காதே. தரைவண்டு நிபுணர் எர்வின் மாதிரி, ஆக்ரா பேரினத்துக்கு 'ஆக்ரா வேஷன்', 'ஆக்ரா ஃபோபியா' என்று ஆங்கிலச் சொல்லோடு விளையாட அவரைப் போல நூற்றுக்கணக்கில் விவரித்திருக்க வேண்டும். விளையாட்டாக இல்லாமல் ஒன்று சொல்கிறேன்: அச்சேறிய பெயரைத் திரும்ப வாங்க முடியாது. 1937இல் ஷைபெல் ஒரு கண்ணில்லாத குகை வண்டுக்கு 'அனோஃப்தால்மஸ் ஹிட்லெரி' என்று வைத்தார். அதுவும் தரைவண்டுதான். இன்றும் அதே பெயர், அந்தப் பெயருக்காகவே அந்தப் பூச்சியைத் திருடி விற்கிறார்கள்.

அதனால் அடுத்த மாதக் கருத்தரங்கின் சுருக்கத்தில் பெயரைப் போடாதே. அங்கே போட்டால் பெயர் செல்லவும் செல்லாது, ஊருக்குத் தெரிந்தும் போகும். ஒரே ஒரு ஹோலோடைப் (பெயரைத் தாங்கும் ஒற்றை மூலப் பூச்சி), அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் என்ற வரி, இரண்டும் கட்டுரையில் கட்டாயம். 1999க்குப் பிறகு டைப்பைக் குறிப்பிடாமல் பெயரே இல்லை. இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் வெளிவருவதற்கு முன்னாலேயே ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிந்து, அந்தப் பதிவு கட்டுரைக்குள்ளேயே தெரிய வேண்டும். பிடித்த இடத்தின் அனுமதிக் கடிதத்தை இப்போதே தேடி எடுத்து வை. ஹோலோடைப் முதலாம் எண் ஆண். ஹோலோடைப்புக்கான சிவப்பு லேபிளை இப்போது குத்தாதே.

செய்ய வேண்டியது இது. மழை விடுவதற்குள் அதே விழுந்த மரத்துக்குப் போ. பகலில் இல்லை, இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, நெற்றி விளக்கோடு. மரத்தின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதே, பட்டை கழன்ற அடிப்பக்கத்தையும் பார். கட்டாஸ்கோபஸ் என்றால் கிரேக்கத்தில் ஒற்றன், வெளிச்சம் பட்டதும் மறுபக்கம் ஓடும். அந்தப் பக்கம் கையை வை. முன்கால் பாதம் விரிந்து அடியில் பசைமயிர் இருப்பது ஆண். அப்படி நாலு கிடைத்தால் போதும், இறுகியவையாக. லேபிளில் அட்சம், தீர்க்கம் நாலு தசமம் வரை. உயரம், தேதி, எப்படிப் பிடித்தாய் என்பது. குப்பிக்குள் போடும் லேபிளைப் பென்சிலில் எழுது. லேசர் அச்சு சாராயத்தில் உரிந்து கீழே எழுத்துக் குவியலாகக் கிடக்கும், "குன்று, மழை" என்று மட்டும் எழுதிய லேபிளே தேவலாம் என்றாகிவிடும். டப்பாவில் தெர்மோகோல் போட்டு நாஃப்தலின் உருண்டையும் வைக்காதே, இரண்டும் சேர்ந்து இளகி ஊசியோடு ஒட்டிக்கொள்கின்றன.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
மணி

பி.கு.: ஏழாம் எண், நீ "பெண்" என்று எழுதியிருப்பது. பின்கால் பாதத்தில் எத்தனை கண்ணி என்று எண்ணு. அவசரப்படாமல் எண்ணு. நாலு. முன்காலிலும் நடுக்காலிலும் ஐந்தைந்து. பின்காலின் இடுப்பு வயிற்றின் முதல் தகட்டைப் பிளக்கவும் இல்லை. அது தரைவண்டே இல்லையடா, அதே மரத்தில் பளபளத்துக்கொண்டிருந்த ஒரு டெனிப்ரியானிட், வேறு குடும்பத்து வண்டு. அட்டவணையில் அந்த அகலம் இப்போது புரிந்திருக்கும். வாத்தியாரிடம் நான் சொல்லவில்லை, ஆனால் நேற்றிலிருந்து "நாலு, நாலு" என்று முணுமுணுத்துக்கொண்டு சிரிக்கிறார்.