செயலாளர் ஆண்டறிக்கை 2025: லினக்ஸ் மேம்படுத்திய கதை

நம் லினக்ஸ் குழுவின் தலைவருக்கும் பொருளாளருக்கும் அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம். போயா (பௌர்ணமி) நாட்களில் கூடுவது என்று முடிவெடுத்திருந்தோம், மழைக்குள் தவறியவை தவிர மற்றக் கூட்டங்கள் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த வருடம் நம் நேரத்தில் முக்கால்வாசி ஒரே வேலைக்குத்தான் போனது: அங்கத்தவர் வீட்டுக் கணினிகளில் உள்ள லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்துவது.

உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 20.04 பதிப்புக்கான வழமையான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. மட்டக்களப்பில் கல்லடி, ஆரையம்பதி, செங்கலடிப் பக்கம் அங்கத்தவர் வீடுகளில் அதுதான் ஓடியது, போட்டுக்கொடுத்ததும் நாங்கள்தான். எல்லோரும் 24.04-க்குப் போங்கள் என்று கூட்டத்தில் சொன்னோம். சொன்னது சரி, ஆனால் எப்படிப் போவது என்பதை அரை மணித்தியாலத்தில் சொல்லி முடித்தோம், அந்தப் பிழைக்கு நான் பொறுப்பு. 20.04-இல் இருந்து ஒரே எட்டில் 24.04-க்குப் போக முடியாது, இடையில் 22.04-க்கு வந்துதான் மேலே ஏற வேண்டும், அப்படியென்றால் பதிவிறக்கமும் இரண்டு தடவை, காத்திருப்பும் இரண்டு தடவை. இரவு டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

செங்கலடியில் ஒரு தம்பி இரவு பன்னிரண்டுக்குத் தொடங்கிவிட்டு, எல்லாம் ஓடுகிறது என்று படுத்துவிட்டார். விடிய எழும்பிப் பார்த்தால் திரையில் ஒரு கேள்வி நிற்கிறது: நீங்கள் மாற்றிய அமைப்புக் கோப்பை வைத்திருப்பதா, புதியதைப் போடுவதா? இரவு முழுக்க அது பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. இறுகிவிட்டது என்று நினைத்துப் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்தியிருக்கிறார், அதற்குப் பிறகு கணினி எழும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதை உரப்பையில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனு வழியாக மீட்பு முறைக்குப் போய், பாதியில் நின்ற மென்பொருள் பொதிகளை அமைத்து முடிக்கும் கட்டளையைக் கொடுத்தோம். பின்னேரம் திரை வந்தது, அவருடைய கோப்புகளும் அப்படியே இருந்தன. ஆனால் பிரதி ஒன்றும் எடுத்து வைத்திருக்கவில்லை, இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் கதை வேறு. மேம்படுத்தல் ஒரு பிசகும் இல்லாமல் முடிந்தது, நாங்களும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம். அடுத்த நாள் காலையிலேயே அழைப்பு. "மகன், க அடிச்சா எஃப் விழுது." அவர் தமிழ் அடிக்கும் ரெங்கநாதன் விசைப்பலகை முறை பட்டியலிலேயே இல்லை. எழுதுவது போலவே கொம்பை முதலில் தட்டிப் பழகிய கை அது, வேறு முறைக்கு மாறுங்கள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. போய்ப் பார்த்தபோது அவர் கொப்பியில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். உள்ளீட்டுப் பொதியைத் திரும்ப நிறுவி, விசைப்பலகையைப் பட்டியலில் சேர்க்கப் பத்து நிமிடம்தான் எடுத்தது. அந்தப் பத்து நிமிட வேலையை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். இனி எந்தக் கணினியிலும் தமிழில் ஒரு வசனம் அடித்துப் பார்க்காமல் "முடிந்தது" என்று சொல்லக் கூடாது.

பழைய கிராபிக்ஸ் அட்டை உள்ள லெப்டொப் ஒன்றில் மேம்படுத்திய பிறகு கறுப்புத் திரை மட்டும்தான். அந்த அட்டைக்கான டிரைவர், இயங்குதளத்தின் மையப் பகுதியான புதிய கேர்னலோடு ஒத்துப்போகவில்லை. டிரைவரைக் கழற்றிவிட்டு லினக்ஸோடு வரும் திறந்த டிரைவரில் விட்டோம், வேகம் கொஞ்சம் குறைவு, வேலைக்குப் போதும். வெளியாரின் மென்பொருள் களஞ்சியங்களை மேம்படுத்தல் தானாகவே நிறுத்திவைக்கும், அவற்றைத் திரும்ப இயக்க மறந்ததால் வந்த முறைப்பாடுகளும் உண்டு.

நல்லதையும் சொல்ல வேண்டும். லினக்ஸ் மிண்ட் என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் 21-இல் இருந்து 22-க்குப் போனவர்களில் ஒருவர்கூட எங்களைக் கூப்பிடவில்லை. தொடங்கும் முன் டைம்ஷிப்ட் என்ற கருவியில் ஒரு நிலைப்பிரதி எடுத்துவைத்ததுதான் அவர்களுக்குத் துணிவு தந்தது என்பது என் எண்ணம். ஒக்டோபர் 14-இல் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்ததும் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு, 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய லெப்டொப்களில் மிண்ட்டின் இலேசான எக்ஸ்எஃப்சிஈ பதிப்பைப் புதிதாகவே போட்டுக்கொடுத்தோம். படுவான்கரையில் இருந்து வந்த உயர்தர மாணவி ஒருவர் பென் டிரைவில் இருந்து தானே நிறுவி முடித்தார், நாங்கள் பக்கத்தில் சும்மா இருந்தோம்.

என் கருத்து இதுதான்: நீண்ட காலம் பாவித்து, கண்டதெல்லாம் நிறுவிய கணினி என்றால், கோப்புகளை வெளித்தட்டில் எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே நல்லது. இரண்டு படி மேம்படுத்தலை விட அதற்கு நேரமும் குறைவு. குழுவில் சிலர் இதை ஏற்கவில்லை, இன்றைய கூட்டத்தில் பேசுவோம்.

உபுண்டு 26.04 என்பது 2026 ஏப்ரலுக்கான பதிப்பு. 24.04-இல் இருப்பவர்கள் 26.04.1 வரும்வரை பொறுங்கள், அவசரமில்லை. யாருடைய வீட்டிலாவது இன்னும் 20.04 ஓடினால் இன்றைக்கே வாசலில் உள்ள பதிவேட்டில் பெயரை எழுதுங்கள், கணினியோடு மின்னிணைப்பு வயரையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.