53,000 பேர் வந்தார்களே, லில்லி பாட்டி

அன்புள்ள லில்லி பார் பாட்டிக்கு,

பாட்டி என்று எழுதிவிட்டேனே தவிர, உங்களை நினைத்தால் கண்ணில் நிற்பது நூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் கால்பந்து ஆடிய 15 வயதுப் பெண்தான். இடது ஓரமாகப் பந்தைக் கொண்டுவந்து கோல்கீப்பர் மிரளும்படி உதைக்கிற பெண்.

நான் சின்னப் பெண்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்காகப் பணம் கேட்டுப் போனால், "முதலில் கூட்டம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள். உடனே நீங்கள் ஆடிய பெண்கள் அணி, டிக் கெர் லேடீஸ்தான் ஞாபகம் வரும். 1920 டிசம்பர் 26, லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானம். செயின்ட் ஹெலன்ஸ் பெண்களோடு நீங்கள் மோதிய ஆட்டத்துக்கு 53,000 பேர். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் தனி. வசூலை நல்ல காரியத்துக்குக் கொடுத்தீர்கள்.

கூட்டம் வந்ததே! அப்புறம் என்ன நடந்தது? ஒரு வருடம்கூட நிறையவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஒத்துவராது என்று சொல்லித் தன் கிளப்புகளின் மைதானங்களில் உங்களை ஆடவிடக் கூடாது என்றது. தடை நீங்க ஏறக்குறைய 50 வருடம் ஆனது. பிரேசிலும் மேற்கு ஜெர்மனியும்கூடத் தடை போட்டன. அத்தனை காலமும் ஆண்கள் ஆட்டத்துக்கு அரங்கம் எழும்பியது, டிவி வந்தது, விளம்பரப் பணம் வந்தது. கால்களைக் கட்டிப்போட்டுவிட்டு, ஏன் பின்தங்கினாய் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

1989-ல் மேற்கு ஜெர்மனிப் பெண்கள் ஐரோப்பிய சாம்பியன் ஆனபோது கிடைத்த பரிசு என்ன தெரியுமா? ஒரு காபி செட். கப்பும் சாசரும்!

நான் ஆடிய காலத்தில் ஆண்கள் அணி போட்டுக் கழித்த ஜெர்சிதான் எங்களுக்கு. தோள் தையல் முழங்கை வரை தொங்கும். முதுகில் எண் பாதி உரிந்து, 8 எது, 3 எது என்றே தெரியாது.

இப்போது நிலைமை மாறவில்லை என்று சொல்லமாட்டேன். 2015 மகளிர் உலகக் கோப்பையின் மொத்தப் பரிசு 15 மில்லியன் டாலர். 2023-ல் 110 மில்லியன். ஆனால் 2022-ல் ஆண்களுக்கு 440 மில்லியன். அதே 2022-ல் பார்சிலோனா பெண்கள் ஆடியதைப் பார்க்க கேம்ப் நூ அரங்கத்தில் 91,648 பேர் உட்கார்ந்திருந்தார்கள், பாட்டி. நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் பெண்களுக்கு யாரும் தானம் போட வேண்டாம். உங்களிடமிருந்து பிடுங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

சரி, பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. பையன்கள் ஆடி முடித்த பிறகுதான் எங்களுக்கு மைதானம். விளக்கை அணைப்பதற்குள் முக்கால் மணி நேரம் கிடைக்கும்.

அன்புடன்,
உங்கள் பேத்திகளில் ஒருத்தி