ரிசீட் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம், அப்பா

பிராண்ட்ஃபோர்ட், ஒன்ராறியோ
2026 பெப்ரவரி 8

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அப்பா, வாட்ஸ்அப்பில் எவ்வளவு பேசினாலும் மனதைக் குடைகிற விஷயத்தை நீங்கள் கடிதத்தில்தான் எழுதுவீர்கள். தங்கச்சி மகனை முதலாம் வகுப்பில் சேர்க்க ஒரு ஆள் மூன்று லட்சம் கேட்கிறார் என்று வாசித்த பிறகு இரவு நித்திரை வரவில்லை. அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இங்குள்ள எங்கள் நிலைமையை முதலில் எழுதாவிட்டால் அம்மா கோபிப்பார்.

குளிர் இந்த வருடம் கடுமைதான். காலையில் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் உடுப்பு மாட்டவே அரை மணித்தியாலம் போகிறது. உள்ளே ஒன்று, மேலே ஒன்று, பனிக் காற்சட்டை, சப்பாத்து, தொப்பி, கையுறை. எல்லாம் போட்டு முடிந்த பிறகுதான் சின்னவளுக்கு டொய்லட் வரும். பனி கூடினால் பள்ளி பஸ் ஓடாது, அன்றைக்கு வீடு இரண்டுபடும். சாப்பாட்டுக்குக் குறையில்லை அம்மா. தேங்காய்ப்பூ இங்கே பையில் உறைந்த கட்டியாக வரும். சொதிக்குத் தகரத்தில் அடைத்த பால். சம்பல்தான் சரிவருவதில்லை, எவ்வளவு தேசிக்காய் விட்டாலும் தண்ணீர் விட்டுவிடுகிறது. நீங்கள் இடித்து அனுப்பிய மிளகாய்த்தூளை ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு மட்டும் எடுக்கிறேன். நல்ல தமிழ்க் கடை என்றால் மிசிசாகா வரை போக வேண்டும். பெற்றோல் விற்கிற விலையில் இப்போது அங்கே போவதில்லை, இந்தப் பனியில் கார் எடுப்பதும் நல்லதல்ல.

அவருக்கு வேலை இப்போது வாரத்தில் மூன்று நாள். கிறிஸ்மஸ் முடிந்தால் களஞ்சியங்களில் இப்படித்தானாம், வசந்தத்தில் கூடிவிடும். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவர ஆள் கிடைத்தது எனக்கு உதவியாக இருக்கிறது. நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்.

அப்பா, டெலிகொமில் இருந்த உங்களுக்கு ஒரு செய்தி. அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லின் வீடு இந்த ஊரில்தான் இருக்கிறது. 1876-ல் இங்கிருந்து பக்கத்திலுள்ள பாரிஸ் என்ற சின்ன ஊர் வரைக்கும் தந்திக் கம்பியில் குரலை அனுப்பிப் பார்த்தாராம். நீங்கள் வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

இனி பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயத்தை எனக்குக் கற்றுத் தந்தவர் அவர். சின்ன வயதில் போலந்திலிருந்து வந்தவர். மனைவி இல்லை. பிள்ளைகள் வளர்ந்து மேற்கே போய்விட்டார்கள். விடியுமுன் எழுந்து கையுறைகூடப் போடாமல் தன் வாசல் பனியையும் எங்கள் வாசல் பனியையும் சேர்த்து வாருவார். நன்றி சொல்லப் போனால் புளிக்கவைத்த கோவாப் போத்தல் ஒன்றைக் கையில் தந்து உள்ளே போய்விடுவார். அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோ பேரப்பிள்ளையோ இந்த ஊரில் இல்லை. ஆனாலும் இங்குள்ள பாடசாலைகளை நடத்துகிற கல்விச் சபையின் கூட்டம் எதையும் தவறவிடுவதில்லை. கோயிலில் கொடுக்கிற வாராந்தத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்கு எழுதிக்கொண்டு போவார்.

இங்கே கத்தோலிக்கப் பாடசாலைகளும் அரசாங்கப் பணத்தில்தான் நடக்கின்றன. 1867-ஆம் ஆண்டு அரசியலமைப்பே ஒன்ராறியோவில் அதற்குக் காப்புக் கொடுத்திருக்கிறது. நம் இலங்கையில் 1960, 61-ல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்தபோது கத்தோலிக்கச் சனம் பள்ளிக்கூடங்களுக்குள்ளேயே குந்தியிருந்து போராடியதை அப்பப்பா சொல்லுவாரே, அது எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். பிள்ளைகளைச் சேர்க்கப் போனபோது பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, விலாசத்துக்கு ஒரு சாட்சி, இவ்வளவும்தான் கேட்டார்கள். அன்பளிப்பு என்ற பேச்சே எழவில்லை.

ஆனால் இங்கே எல்லாம் சுத்தம் என்று நான் எழுதினால் அது பொய். கல்விச் சபைக்கு ட்ரஸ்டிகள் என்ற உறுப்பினர்களை ஊர்ச் சனமே தெரிவு செய்கிறது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை, மாநகர சபைத் தேர்தல் நாளிலேயே. போன தடவை 2022 ஒக்டோபரில் நடந்தது, அடுத்தது இந்த வருடம் ஒக்டோபர் 26. பட்ஜெட்டை நிறைவேற்றுவதும் கல்விப் பணிப்பாளரை நியமிப்பதும் அவர்களுடைய வேலை. பணம் மாகாண அரசாங்கத்துடையது. முன்பு சபைகளே ஊரில் வரி போட்டார்களாம், 1998-லிருந்து அந்த அதிகாரம் இல்லை. இந்தத் தேர்தலுக்குப் பாதிச் சனம்கூட வராது. பல இடங்களில் போட்டியே இல்லாமல் ஆட்கள் வந்துவிடுகிறார்கள்.

2024 ஜூலையில் இங்குள்ள கத்தோலிக்கச் சபையின் ட்ரஸ்டிகள் நான்கு பேர், புதிய பாடசாலைகளுக்குச் சுரூபமும் படமும் வாங்கவென்று இத்தாலிக்குப் போனார்கள். வாங்கியவற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் டொலர். போய்வந்த செலவு நாற்பத்தையாயிரம் அளவில். இலையுதிர் காலத்தில் விஷயம் பத்திரிகையில் வந்தபோது ஊரே கொதித்தது. நான்கு பேரும் பணத்தைத் திருப்பிக் கட்டுவோம் என்றார்கள். மாகாணம் விசாரணைக்கு ஆள் அனுப்பியது. 2025-ல் கல்வி அமைச்சர் போல் கலண்ட்ரா பயணச் செலவைக் கட்டியே ஆக வேண்டும் என்று சொன்னார்.

எனக்குச் சுரூபத்தின் மேல் கோபமில்லை. பள்ளி வாசலில் மாதாவைக் கண்டால் என் பிள்ளைகளும் கும்பிடுவார்கள்தான். ஆனால் அது பிள்ளைகளின் பணம். யாரையும் கேட்காமல் தாங்களே தீர்மானித்துத் தாங்களே விமானம் ஏறியது பிழை. கிழவர் இதை என்னிடம் சொன்னபோது அவருடைய கை நடுங்கியது. மாதாவுக்கு எதிராகப் பேசுகிறாய் என்று பூசைக்கு வந்த ஒருவர் அவரிடமே சொன்னாராம். பில்லைக் காட்டுங்கள் என்று மட்டும்தான் கேட்டேன் என்றார்.

ஒருநாள் அவரோடு நானும் கூட்டத்துக்குப் போனேன். வாசலில் யாரும் தடுக்கவில்லை. பொதுமக்கள் வந்து உட்காரலாம் என்பது சட்டம். நிகழ்ச்சி நிரலை முன்னதாகவே வெளியிடுகிறார்கள். மாணவர்கள் தெரிவு செய்த மாணவப் பிரதிநிதிகளும் பெரியவர்களோடு மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், அவர்களுடைய வாக்கு கணக்கில் சேராவிட்டாலும். எனக்குக் குடியுரிமை இன்னும் வரவில்லை, அதனால் ஒக்டோபரில் வாக்குப் போட முடியுமோ தெரியாது. ஆனாலும் அந்தக் கதிரையில் இருந்தபோது நானும் கேட்கலாம் என்று தோன்றியது. வந்த நாளிலிருந்து இந்த ஊரில் எனக்கு அப்படித் தோன்றியது அன்றைக்குத்தான்.

இப்போது மாகாணம் வேறு வழியில் போகிறது. போன வருடம் ஒன்ராறியோவிலுள்ள லண்டன் பக்கத்துச் சபையையும், பிறகு ரொறன்ரோ, ஒட்டாவா, மிசிசாகா பக்கத்துச் சபைகள் நான்கையும் அமைச்சு தன் மேற்பார்வையாளர்களின் கையில் கொடுத்துவிட்டது. நவம்பரில் அதற்கு இன்னும் அதிகாரம் தருகிற சட்டமும் நிறைவேறியது. ட்ரஸ்டிகளே வேண்டாம் என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இத்தாலிக் கதையைக் கேட்டவர்களுக்கு அது சரியென்றுதான் படும். எனக்கு அப்படிப் படவில்லை. பிழை செய்த ட்ரஸ்டியைக் கோயில் வாசலில் பிடித்துக் கேட்கலாம், அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். ரொறன்ரோவிலிருந்து அமைச்சர் அனுப்பியவரை இந்த ஊர்த் தாய்மார் எங்கே போய்ப் பிடிப்பது? அங்கே கொழும்பில் மேல் மாகாண சபையைப் பாருங்கள். 2014-க்குப் பிறகு தேர்தல் இல்லை, 2019-லிருந்து எல்லாம் ஆளுநர் கையில். மாகாணப் பாடசாலையில் கூரை ஒழுகினால் யாரிடம் போவது என்று பொரளை மாமா இன்னும் அலைகிறார்தானே.

சரி, இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அப்பா, அந்த ஆள் கேட்ட மூன்று லட்சத்தைக் கொடுக்க வேண்டாம். அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கவே வேண்டாம். கட்டட நிதி என்கிறார், ரிசீட் தர மாட்டேன் என்கிறார், அதிபருக்கு வேண்டியவன் என்கிறார். உண்மையான கட்டட நிதி என்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கில் போட்டு ரிசீட் தருவார்கள். அதிபர்தான் அந்தச் சங்கத்தின் தலைவர், பெற்றோர் அதில் அங்கத்தவர்கள், கணக்கை வருடாந்தக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். பிள்ளையைச் சேர்க்கப் பணம் வாங்குவது இலஞ்சம். இதற்காக அதிபர்மாரையே இலஞ்ச ஆணைக்குழு பிடித்த செய்திகளை நீங்களும் வாசித்திருப்பீர்கள். 1954 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் போதும். தம்பி பயப்படுவான், பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் போய்விடும் என்பான். ஆனால் பணம் கொடுத்தும் இடம் கிடைக்காமல் போனவர்களைத் தெமட்டகொட மாமியிடம் கேட்டுப் பாருங்கள். ரிசீட் இல்லாதபடியால் ஒருவராலும் வாய் திறக்க முடியவில்லை.

உங்களிடம் பணமில்லை என்று சொல்லுங்கள். மகளிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்று மட்டும் அந்த ஆளிடம் சொல்ல வேண்டாம், மாதா மாதம் வீட்டுக்கு வந்து நிற்பார்.

அம்மா, இதை எழுதும்போது இங்கே மத்தியானம் தாண்டிவிட்டது. சூரியன் இருக்கிறது, ஆனால் சூடில்லை. பூசை முடிந்து நேரே வந்துவிட்டோம், கோயில் வாசலில் ஒருவரும் நின்று கதைப்பதில்லை, குளிருக்குக் காருக்குள் ஓடிவிடுவார்கள். சாந்த லூசியா கோயில் மணியைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது. ஜூன் 13-ல் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளில் நெரிசலுக்குள் உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பேனே, அப்போது மூச்சு முட்டுகிறது என்று அழுவேன். இப்போது அந்த நெரிசலுக்குள் ஒருதரம் போய் நிற்க வேண்டும்போல இருக்கிறது. பெரியவன் கொழும்பில் கடல் என்ன நிறம் என்று கேட்கிறான். நான் சொன்னால் அவனுக்கு விளங்குவதில்லை. அவனை அங்கே கூட்டிவர வேண்டும் அம்மா. இந்த வருடம் டிக்கட் விலை சரிவராது, அடுத்த வருடம் பார்ப்போம்.

இனி செய்ய வேண்டியதைக் கவனமாகக் கேளுங்கள். பாடசாலை வீட்டுக்குக் கிட்டத்தான் இருக்கிறது, அருகில் குடியிருப்போர் பிரிவில் அவனுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் தாள்கள் சரியாக இருக்க வேண்டும். தங்கச்சியின் பெயர் கொட்டாஞ்சேனைத் தேர்தல் இடாப்பில் இருக்கிறது, அவள் புருஷனின் பெயர் இன்னும் வத்தளையில். இரண்டு பேரின் பெயரும் ஒரே விலாசத்தில் இருந்தால்தான் முழுப் புள்ளி வரும். கிராம சேவகரிடம் இந்த மாதமே போய் மாற்றச் சொல்லுங்கள், பிறகு என்று விடக் கூடாது. பழைய வருடங்களின் இடாப்புப் பிரதிகளையும் எடுத்து வையுங்கள். லைட் பில், தண்ணீர் பில் எல்லாம் அம்மாவின் அலுமாரியில் பச்சைக் கோப்பில் இருக்கின்றன, நான் வரும்போது அடுக்கி வைத்தேன்.

பெரிய சிக்கல் வீட்டு உறுதிப் பத்திரம்தான். அது இன்னும் அப்பப்பாவின் பெயரில் கிடக்கிறது. பெரியப்பாவும் நீர்கொழும்பு மாமியும் கையெழுத்து வைக்காமல் நொத்தாரிசு ஒன்றும் செய்ய மாட்டார். மாமி வைப்பார், அவர் எனக்குப் போனில் சொல்லிவிட்டார். பெரியப்பா கிணற்றடிக் காணித்துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதை அவருக்கே விட்டுவிடுங்கள் அப்பா, அந்தத் துண்டில் நாம் என்ன கட்டப் போகிறோம்? தம்பியை அனுப்ப வேண்டாம், இரண்டு பேரும் சத்தம் போட்டுப் பிரிவார்கள். நீங்கள் போங்கள், தங்கச்சியையும் மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளையைக் கண்டால் பெரியப்பா இறங்கி வருவார்.

நேர்முகப் பரீட்சை முடிந்ததும் தற்காலிகப் பட்டியலை அறிவித்தல் பலகையில் போடுவார்கள். அதைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெயர் இல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யக் கொஞ்ச நாள்தான் தருவார்கள், அதைத் தவறவிடக் கூடாது. யாருக்கு எவ்வளவு புள்ளி போட்டார்கள் என்று 2016-ஆம் ஆண்டுத் தகவலறியும் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம், பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். கடிதத்தை நான் எழுதி அனுப்புகிறேன், அப்பா கையெழுத்து வைத்துக் கந்தோரில் கொடுத்துத் திகதி முத்திரை வாங்கினால் சரி. அபிவிருத்திச் சங்கத்தின் வருடாந்தக் கூட்டம் எப்போது என்று எதிர்வீட்டு டீச்சரிடம் கேளுங்கள். பிள்ளை சேர்ந்த பிறகு தங்கச்சி புருஷன் அதற்குப் போக வேண்டும், முன்வரிசையில் இருக்க வேண்டும்.

இந்த மாதக் காசு கொஞ்சம் பிந்தி வரும், மாத முடிவில் அனுப்புகிறேன். அம்மாவின் முழங்கால் மருந்தை மட்டும் நிறுத்த வேண்டாம், அதற்குத் தம்பியிடம் வாங்குங்கள், நான் அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். பொரளை மாமாவின் கண் ஒப்பரேஷன் எப்போது என்று எழுதவில்லையே. சின்னம்மாவின் வீட்டில் வெள்ளம் வடிந்த பிறகு சுவர் எல்லாம் எப்படி இருக்கிறது? தங்கச்சியைப் பெரியப்பா வீட்டுக்குப் போகுமுன் எனக்கு ஒருதரம் போன் எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்

பி.கு.: தங்கச்சியின் கலியாணச் சான்றிதழ் மூலப்பிரதி பச்சைக் கோப்பில் இல்லாவிட்டால் தேட வேண்டாம். அதன் அத்தாட்சிப் பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது, கிழமை முடிய முதல் தபாலில் போடுகிறேன்.