ஊரைக் கேட்டுத் திட்டம் எழுத முன்பணம் வேண்டும்

நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்கு ஒப்பந்த விதிகளும் செலவுப் பட்டியல் (பில்) விதிகளும் வகுக்கும் ஒன்றிய, மாநில அதிகாரிகளுக்கு,

வணக்கம். பதினாறு ஆண்டுகளாக மானாவாரி ஊர்களில் நீர்வடிப்பகுதித் திட்ட அறிக்கை தயாரிக்கும் வேலை செய்கிறேன். மழைநீர் ஒரே ஓடைக்கு வடிந்து வரும் நிலப்பரப்பைத்தான் நீர்வடிப்பகுதி என்கிறோம். எங்களுடையது ஏழு பேர் கொண்ட சிறிய அறக்கட்டளை. தடுப்பணையும் கசிவுநீர்க் குட்டையும் கட்டுவதற்கான பணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அவற்றை எங்கே கட்டுவது என்று முடிவு செய்யும் வேலைக்கு எப்படிப் பணம் தரப்படுகிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்கான 2008ஆம் ஆண்டுப் பொது வழிகாட்டு நெறிமுறைகள் விரிவான திட்ட அறிக்கைக்குத் திட்டச் செலவில் 1 சதவீதம் ஒதுக்கின. நிர்வாகச் செலவுக்கு 10 சதவீதம். அன்று சமவெளியில் திட்டச் செலவு ஹெக்டேருக்கு 12,000 ரூபாய் என்பதால், அறிக்கைக்கு 120 ரூபாய். பின்னர் அந்தத் தொகை 22,000 ஆனது. அதே 1 சதவீதம் என்று வைத்தாலும் ஹெக்டேருக்கு 220 ரூபாய்தான்.

இந்தப் பணத்தில் என்ன வேலை நடக்கிறது என்று சொல்கிறேன். மேட்டில் தொடங்கி ஓடை முடியும் இடம்வரை ஊராரோடு நடக்க வேண்டும். சர்வே எண் வாரியாக நிலத்துக்காரரையும் அவர் மனைவியையும் ஒன்றாக உட்காரவைத்து, எந்த வரப்பை உயர்த்துவது, பண்ணைக்குட்டைக்கு எந்த மூலையை விடுவது என்று கேட்க வேண்டும். கிணற்று நீர்மட்டத்தைக் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை அளக்க வேண்டும். பால் கறந்து, அடுப்பு அணைந்த பிறகுதான் பெண்கள் கூட்டத்துக்கு வருவார்கள். அதனால் பாதி வேலை இரவில்தான் நடக்கும்.

வட மாவட்டக் கிராமம் ஒன்றில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தடுப்பணைக்கு ஓர் இடத்தைக் குறித்திருந்தோம். ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி எங்களை அங்கே கூட்டிப்போய், “2015 மழையிலேயே ஓடை இந்தப் பக்கம் திரும்பிடுச்சு தம்பி, இங்க கட்டுனா மணல்தான் நிக்கும்” என்றார். இருநூறு மீட்டர் தள்ளி வைத்தோம். அந்தப் பாட்டியிடம் பேச எங்களுக்கு மூன்று நடை ஆனது. அந்த நடைக்கான செலவைப் பட்டியலில் எந்தத் தலைப்பின் கீழும் என்னால் எழுத முடியவில்லை.

அந்த அறிக்கைக்கான பணம் கைக்கு வரப் பதினான்கு மாதம் ஆனது. எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை, ஒப்பந்தத்தில் இருந்ததைத்தான் அவர்கள் செய்தார்கள்: இறுதி ஒப்புதலுக்குப் பின் மொத்தமாகத் தருவது என்று எழுதியிருந்தது. இடையில் திட்டத்தின் எல்லை மாற்றப்பட்டு, இரண்டு ஊர்கள் சேர்க்கப்பட்டன. அந்த இரண்டு ஊர்களின் வேலைக்குத் தனிப் பணம் இல்லை. வந்த தொகையிலும் பயணச் செலவு, கூட்டச் செலவு என்று ஒரு பகுதி கழிக்கப்பட்டது. காரணம், ஜிஎஸ்டி பில் இல்லை. ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் குறைவாக வியாபாரம் செய்யும் டீக்கடை ஜிஎஸ்டியில் பதிவு செய்யவேண்டும் என்று சட்டமே சொல்லவில்லை. இல்லாத பில்லை டீக்கடைக்காரர் எப்படித் தருவார்? நான் எங்கிருந்து வாங்குவேன்?

இப்படி ஓராண்டுக்கு மேல் சொந்தப் பணத்தில் வேலை செய்ய யாரால் முடியும்? நகரத்தில் அலுவலகம் வைத்து, ஊருக்கு ஒரு நாள் வந்து போகும் நிறுவனத்தால் முடியும். குறைந்த விலைப்புள்ளியும் அவர்களுடையதாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஊரில் நடந்து பார்க்கும் செலவு அவர்களுக்கு இல்லை. அரசியல் சட்டத்தின் பதினோராம் அட்டவணை நீர்வடிப்பகுதி மேம்பாட்டை ஊராட்சிக்குரிய பொருளாக வைத்திருக்கிறது. ஊராட்சியின் பொருளை ஊரைப் பார்க்காதவர் எழுதும்படி ஒப்பந்த விதி தள்ளுவது எனக்குப் பெரும் வருத்தம்.

விதிகளில் இடம் இல்லாமல் இல்லை. ஒன்றிய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 172ஆம் விதி, தனியாருக்கும் ஒப்பந்தத் தொகையில் 30 சதவீதம்வரை முன்பணம் தர வழி வைத்திருக்கிறது. ஆனால் அதற்கு வங்கி உத்தரவாதம் கேட்கிறார்கள். அடகு வைக்க எங்களிடம் இருப்பது நிலத்தின் மேடு பள்ளத்தை அளக்கும் ஒரு லெவல் கருவியும் இரண்டு பழைய பைக்குகளும்தான். திட்ட அறிக்கை போன்ற சிறு தொகை ஒப்பந்தங்களுக்கு அந்த உத்தரவாதத்தை விட்டுக்கொடுங்கள் என்று கேட்கிறேன். மீதியை மூன்று கட்டமாகத் தாருங்கள்: கள நடை முடிந்ததும், சர்வே எண் வாரித் திட்டம் முடிந்ததும், கிராமசபை ஏற்றதும். மேல் அலுவலக ஒப்புதல் தாமதமானால் அதற்கும் எங்கள் கூலிக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006 முதல் சட்டம் இருக்கிறது. அதே கெடுவை எங்களுக்கும் எழுதுங்கள்.

கூட்டச் செலவுக்கு ரசீது கேட்பதற்குப் பதில் ஒரு கூட்டத்துக்கு இவ்வளவு என்று நிலைத்தொகை வையுங்கள். நீர்வடிப்பகுதிக் குழுவின் தீர்மானப் புத்தகமும் வந்தவர்களின் கையெழுத்தும் சான்றாகட்டும். தணிக்கையாளர் ஊருக்கே வந்து சரிபார்க்கலாம், டீக்கடை பில்லைவிட அது உறுதியான சான்று. எல்லை மாறினால் ஹெக்டேர் கணக்கில் கூடுதல் தொகை தரப்படும் என்றும் ஒரு வரி சேருங்கள்.

எங்களிடம் லெவல் பார்க்கக் கற்றுக்கொண்ட இரண்டு பெண்கள் சம்பளம் தாமதமானதால் போன ஆண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அடுத்த அறிக்கைக்கு அவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டும். கூப்பிடும் நாளில் முதல் மாதச் சம்பளம் என் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு நீர்வடிப்பகுதிக் களப்பணியாளர்