தங்கை மகளுக்கு ஒரு பழைய மாருதி

உச்சிப்புளி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மறுபடியும் காலை நடைக்குப் போகிறாய் என்று படித்ததில் மிகுந்த மகிழ்ச்சி. இங்கு நாங்கள் அனைவரும் நலம். வீட்டுச் செய்திகளை என் மனைவி தனியே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் இப்போது முழுமூச்சாய் இறங்கியிருக்கும் வேலையைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும், கேட்கவும் வேண்டும்.

என் தங்கை மகளுக்காகப் பழைய மாருதி 800 ஒன்றை வாங்கிச் சீர்செய்து கொண்டிருக்கிறேன். ஏர்வாடியில் குடியிருக்கும் அவள், சாயல்குடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். தங்கைக்குச் சர்க்கரை கூடிக் காலில் புண் வந்ததிலிருந்து, பள்ளிவிட்டு வந்த களைப்போடு தாயை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பேருந்தில் அழைத்துப் போய்த் திரும்புகிறாள். புது வண்டிக்குத் தவணை கட்டும் நிலையில் அவள் இல்லை. தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது அவள் இப்படி அலைவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வண்டி 2008ஆம் ஆண்டு மாடல். மண்டபத்தில் கடலோர வீடொன்றில் நின்றது. 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒரே திருகலில் கிளம்பியது. 800 உற்பத்தி 2014இல் நின்றுவிட்டாலும், அந்த எஞ்சினைத் தொட்டுப் பழகாத மெக்கானிக் நம் பக்கத்தில் கிடையாது. ஓம்னியிலும் அதே எஞ்சின் ஓடியதால் மதுரைக்குப் போனால் உதிரிப் பாகங்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் நம் கடற்கரையில் எஞ்சினைப் பார்த்து வண்டி வாங்கக் கூடாது. வயிற்றைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆகவே சாக்கை விரித்து அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டில் வெளிப்பூச்சு பளபளவென்றுதான் இருந்தது. திருப்புளியின் முனையால் மெல்ல அழுத்தியதும் பட்டி பெயர்ந்து, பின்னாலிருந்த தகடு அப்பளமாய் நொறுங்கி, உள்ளேயிருந்து ஈர மணல் கொட்டியது. யாரோ முன்பு துருவைச் சுரண்டாமலே மேலே பட்டி தடவிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். நீர் வடியும் துளைகளும் அந்தப் பட்டியில் அடைபட்டுப் போயின. கச்சான் காற்று அள்ளி வீசும் மணலும் உப்பும் உள்ளே புகுந்தால், உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கோடையிலும் தகடு காய்வதே இல்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் காலமெல்லாம் இரும்போடு வாழ்ந்த உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1914 முதல் இந்தக் காற்றைத் தாங்கி நின்ற பாம்பன் ரயில் பாலத்திலேயே 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டு, 2025 ஏப்ரலில் புதுப் பாலத்தைத் திறக்க வேண்டியதாயிற்று. மெல்லிய கார்த் தகடு எம்மாத்திரம்?

இதைக் காட்டியே விலையைக் குறைத்து வாங்கினேன். பேட்டரி இணைப்பை எடுத்து, பெட்ரோல் டேங்கையும் இறக்கி வைத்த பிறகே வெல்டிங்கைத் தொடங்கச் சொன்னேன். துருப்பிடித்த தகட்டை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்திருக்கிறோம். மேலேயே தகடு போர்த்திவிட்டால் பாதிச் செலவில் முடியும் என்று டிங்கரிங் மேஸ்திரி சொல்லிப் பார்த்தார், நான் சம்மதிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இந்த வண்டிக்குப் பணம் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அவள் மகன் சிவப்புப் பெயிண்டும் பாட்டுப் பெட்டியும் கேட்கிறான். அவையெல்லாம் பின்னால் ஆகட்டும்.

பிரேக்கை முழுவதும் மாற்றிவிட்டேன். பின்சக்கர டிரம்மில் பிரேக் கட்டையைத் தள்ளும் வீல் சிலிண்டர் இறுகிக் கிடந்தது. இரும்புக் குழாய்கள் வெளியே துரு என்றால், பல ஆண்டுகளாக மாற்றாத பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி உள்ளேயும் அரித்திருந்தது. டயர்களில் பட்டன் நன்றாகவே இருந்தது. ஆனாலும் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களைப் பார், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஆண்டு 14 என்றிருந்ததால் நான்கு டயர்களையும் கழற்றிப் போட்டேன். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருவதால், பழைய ரப்பர்க் குழாய்களுக்குப் பதிலாக அதைத் தாங்கும் குழாய்களைப் போட்டிருக்கிறோம். காற்றுப்பை இல்லாத வண்டி என்பதால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகம் கூடாது என்றும், பெல்ட் போடாமல் கிளம்பக் கூடாது என்றும் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

ஆவணங்களில் சிக்கல் இல்லை. 15 ஆண்டு முடிந்ததும் முன்னவர் 5,000 ரூபாய் கட்டி 2028 வரை பதிவைப் புதுப்பித்துவிட்டார்.

எனக்குள்ள பெரிய கவலை தண்ணீர்தான். வாரம் ஒருமுறை அடிப்பாகத்தைக் கழுவு என்று சொல்வது எளிது. ஏர்வாடியில் அவள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் வருவது உவர்நீர். அதில் கழுவினால் கழுவாமலே விடுவது மேல். காவிரிக் கூட்டுக் குடிநீரை வண்டிக்கு ஊற்றவும் மனம் வராது. ஆகையால் மாடி மழைநீரைப் பிடித்து வைக்க ஒரு தொட்டியும், வண்டி நிற்கக் கடலுக்கு முதுகு காட்டிய ஒரு கொட்டகையும் போட ஏற்பாடு செய்கிறேன்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. ரன்னிங் போர்டில் ஒட்டுப்போட்ட தகட்டின் உட்பக்கம், வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பிரைமர் கருகிவிடுகிறது. உள்ளே கையும் பிரஷும் நுழையாது. துளை வழியாக மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சினால் போதுமா, அல்லது ரயில் பெட்டிகளின் அடிச்சட்டத்துக்கு நீங்கள் வேறு முறை ஏதாவது வைத்திருந்தீர்களா? ஐப்பசி மழைக்கு முன் அடிப்பூச்சை முடித்தாக வேண்டும். ஆகவே உன் பதில் வரும் வரை அந்தத் துளைகளை மூட வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பள்ளித் தோழன்