உன் மகளின் சராசரிக் கணக்குகள்

கோவில்பட்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தோழி,

உன் கடிதம் வந்தது. அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல். இங்கே அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி மட்டும் ஏற முடியவில்லை. பள்ளியில் அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. மேஜை முழுக்க விடைத்தாள்.

மகள் ரயில்வே தேர்வுக்குப் படிப்பதாகவும், மற்றதெல்லாம் வந்தாலும் சராசரிக் கணக்குதான் மாதிரித் தேர்வில் காலை வாருகிறது என்றும் எழுதியிருந்தாய். அவள் போட்டுப் பார்த்த தாள்களை நீ அனுப்பியது ரொம்ப நல்லதாகப் போயிற்று. கூட்டல், பெருக்கல், வகுத்தல் எதிலும் பிசகு இல்லையடி. கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் சூத்திரத்தை எழுதிவிடுகிறாள், பிசகு அங்கேதான். இதை அவளைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ரயில்வேயில் தொழில்நுட்பம் சாராத வேலைகளுக்கு வைக்கிற இந்த என்டிபிசி தேர்வின் முதல் கட்டத்தில் 90 நிமிடத்தில் 100 கேள்வி, அதில் கணிதம் 30. ஒரு கேள்விக்கு 54 வினாடி. அந்த அவசரத்தில் எந்தப் பிள்ளைக்கும் கை முந்தத்தான் செய்யும்.

அவளுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். சராசரியை வகுத்தலாகப் பார்க்காமல், மிச்சமும் குறையும் ஈடாகிற இடமாகப் பார்க்கட்டும். உங்கள் லால்குடி வயலில் நடவுக்கு முன்னால் பரம்படித்து மட்டமாக்குவார்களே, மேட்டு மண் பள்ளத்துக்குப் போகும், ஆனால் மொத்த மண் ஒரு கூடைகூடக் கூடாது, குறையாது. சராசரியும் அப்படித்தான்.

அவள் விட்டுவிட்ட முதல் கணக்கையே எடுத்துக்கொள். 24 மாணவர்களின் சராசரி வயது 14. ஆசிரியரையும் சேர்த்தால் சராசரி 15. ஆசிரியருக்கு என்ன வயது? புத்தக வழியில் 24 × 14 = 336, 25 × 15 = 375, கழித்தால் 39. சரியான வழிதான், நேரம்தான் பிடிக்கும். இப்போது பரம்படிக்கிற மாதிரி யோசி. எல்லாரும் 15-க்கு வரவேண்டும். 24 பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 1 குறைகிறது, ஆக 24. அதைக் கொடுக்க ஆசிரியரைத் தவிர வேறு ஆள் இல்லை. கொடுத்த பிறகு அவரிடமும் 15 நிற்க வேண்டும். 15 + 24 = 39. பேனாவே வேண்டாம்.

11 இன்னிங்ஸில் சராசரி 42 வைத்திருப்பவர் 12-வது இன்னிங்ஸில் எத்தனை ரன் அடித்தால் சராசரி 45 ஆகும் என்று கேட்டால் அதுவும் இதே கணக்குதான், வேஷம்தான் வேறு. 45 + 11 × 3 = 78. 10 பேர் குழுவில் 52 கிலோ ஆள் போய் இன்னொருவர் வந்ததும் சராசரி 1.5 கிலோ ஏறியது என்றால், வந்தவர் 15 கிலோவைக் கூடுதலாகக் கொண்டுவந்திருக்கிறார், அவர் எடை 67. 45 பேர் வகுப்பில் 83 என்ற மதிப்பெண்ணை 38 என்று தவறாகப் பதிந்துவிட்டார்கள், அப்போது சராசரி 62 என்றால், விட்டுப்போன 45-ஐ 45 பேருக்குப் பகிர்ந்தால் சரியான சராசரி 63. இந்த நாலையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் போடச் சொல். நாலும் ஒன்றுதான் என்று அவளுக்கே பிடிபட்டுவிடும். தனித்தனி அத்தியாயமாக, தனித்தனி குறுக்குவழியாக மனப்பாடம் பண்ணவைப்பதில்தான் பிள்ளைகள் களைத்துப்போகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இதில் புதிதாக எதுவும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஊகச் சராசரி முறை என்று சொல்லிக்கொடுப்பது இதைத்தான். 47, 52, 49, 55, 57 என்றால் 50 என்று ஊகித்துக்கொண்டு −3, +2, −1, +5, +7 என்று விலக்கங்களை மட்டும் கூட்டு. 10 வரும். ஐந்தால் வகுத்தால் 2. சராசரி 52. பள்ளியில் அட்டவணை போட்டு மதிப்பெண் வாங்கியதோடு அதை மறந்துவிடுகிறார்கள். போட்டித் தேர்வில் அதுதான் முதல் கருவி.

இன்னும் பழைய கதை ஒன்றும் சொல்கிறேன், அவளிடம் சொன்னால் ரசிப்பாள். இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் சராசரி வைத்து ஒரு கணக்கு இருக்கிறது. பக்கங்கள் சரிந்த ஒரு பள்ளத்தை மூன்று மூன்று இடத்தில் அளக்கிறார்கள். நீளம் 10, 11, 12 முழம், அகலம் 5, 6, 7, ஆழம் 2, 3, 4. எவ்வளவு மண் தோண்டியிருக்கிறார்கள்? சராசரிகள் 11, 6, 3. பெருக்கினால் 198 கன முழம். கிட்டத்தட்ட 900 வருஷமாகப் பிள்ளைகள் இந்த மாதிரிக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு ஒரு சந்தோஷம்.

அடுத்தது, எதால் வகுக்கிறோம் என்பது. அவள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கிரிக்கெட் பார்க்கிற பெண்தானே, ஆஸ்திரேலிய வீரர் பிராட்மனை வைத்தே சொல்லிக்கொடு. டெஸ்ட் போட்டிகளில் 80 இன்னிங்ஸ், 6,996 ரன். 80-ஆல் வகுத்தால் 87.45 வருகிறது. ஆனால் பேட்டிங் சராசரிக்கு அவுட் ஆனவற்றை மட்டும்தான் எண்ணுவார்கள். 10 முறை நாட் அவுட், ஆகவே 70-ஆல் வகுக்க வேண்டும், 99.94. 1948-இல் ஓவல் மைதானத்தில் கடைசி இன்னிங்ஸுக்கு அவர் இறங்கியபோது 69 முறைதான் அவுட் ஆகியிருந்தார், அப்போது சராசரி 101.39. எரிக் ஹோலிஸ் பந்தில் பூஜ்யத்தில் போல்டு. நாலே ரன் எடுத்து அவுட் ஆகியிருந்தால் 7,000-ஐ 70-ஆல் வகுத்து மிகச் சரியாக 100. ரன் ஒன்றுகூடச் சேராமலே சராசரி 101-லிருந்து 99-க்கு ஏன் இறங்கியது என்று அவளைக் கேள். அதற்கு வாயால் விளக்கம் சொல்லிவிட்டால் பாதிக் கணக்கு வந்த மாதிரி.

வேகக் கணக்கும் அதேதான். போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது 60. அவள் 50 என்று போட்டிருக்கிறாள். தூரத்தை 120 என்று வைத்துக்கொண்டால் போக 3 மணி, வர 2 மணி. 240 கிலோமீட்டரை 5 மணியால் வகுத்தால் 48. மெதுவாகப் போன நேரம் கூடுதல் என்பதால் சராசரி 40 பக்கம் சாய்கிறது. இரண்டு வேகத்திலும் ஒரே அளவு நேரம் ஓட்டியிருந்தால் 50 சரி. ‘ஒரே தூரமா, ஒரே நேரமா’ என்பதை மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டுப் பழகட்டும். தேர்வறையில் கணினித் திரைதான், கோடு போட முடியாது. ஆனால் வீட்டில் கோடு போட்டுப் பழகிய கண் அங்கேயும் அந்தச் சொல்லில் போய் நிற்கும்.

அந்தச் சாய்வுதான் அவளுக்கு நிறைய நேரத்தை மிச்சப்படுத்தப்போகிறது. 30 பையன்களின் சராசரி 60, 20 பெண்களின் சராசரி 70, மொத்தச் சராசரி என்ன? விடைகள் 64, 65, 66, 68. ஆள் அதிகம் இருக்கிற பக்கம் சாயும், ஆகவே 65-க்குக் கீழேதான் வரும். 64-ஐத் தவிர வேறு எதுவும் நிற்காது. சரிபார்க்க வேண்டுமென்றால், 64-க்குப் பையன்களுக்கு ஆளுக்கு 4 வீதம் 120 குறைகிறது, பெண்களிடம் ஆளுக்கு 6 வீதம் 120 மிச்சம் இருக்கிறது, ஈடாகிவிட்டது.

தெரியாத கேள்வியில் ஏதாவது ஒன்றைத் தட்டிவிடலாமா, விட்டுவிடலாமா என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தாய். அதற்கும் பதில் சராசரியிலேயே இருக்கிறது. சரியான விடைக்கு 1, தவறானால் மூன்றில் ஒரு பங்கு போகும், விடைகள் நாலு. கண்ணை மூடிக்கொண்டு நாலு கேள்விக்குத் தட்டினால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. 1 வந்து 1 போய்விடும், கையில் பூஜ்யம். ஆனால் ஒரு விடை நிச்சயம் தப்பு என்று தெரிந்து மீதி மூன்றில் தட்டினால், கேள்விக்குச் சராசரியாக ஒன்பதில் ஒரு பங்கு மதிப்பெண் லாபம். இரண்டை ஒதுக்க முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு. அதனால் எதையும் ஒதுக்கத் தெரியாத கேள்வியில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், தாண்டிப் போகட்டும். ஒதுக்கத் தெரிந்ததைப் பயப்படாமல் தொடட்டும். இரண்டொரு கேள்வியில் கை சுடலாம், நிறையக் கேள்விகளில்தான் இந்தச் சராசரி பேசும் என்பதையும் சொல்லிவை.

இன்னொன்று, அவள் தமிழில் எழுதப்போகிறாளா, ஆங்கிலத்திலா என்று நீ சொல்லவில்லை. தேர்வைத் தமிழிலும் எழுதலாம். அவள் தமிழ் வழியில் படித்தவள், தைரியமாகத் தமிழையே எடுக்கட்டும். ஆனால் மாதிரித் தேர்வுகளையும் இன்றிலிருந்தே தமிழில்தான் போட வேண்டும். பயிற்சி ஒரு மொழி, தேர்வு ஒரு மொழி என்றால் இந்த 54 வினாடிக்குள் மூச்சு முட்டும்.

பொங்கலுக்கு லால்குடி வந்தால் அவளோடு இரண்டு நாள் உட்காருகிறேன். அதுவரை வாரம் ஒரு தாளைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். விடையை மட்டும் அனுப்பினால் போதாது, கிறுக்கிப் பார்த்த பக்கமும் வேண்டும். அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி